பார்வையற்றவர் காணாத முகச்சுளிப்பு



திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயத்தின் பெயர் ‘அபஸ’. ‘கடுகடுத்தார்’ என்பது அதன் பொருள். ஒரு முகக்குறிப்பையே தன் பெயராகக் கொண்ட அத்தியாயம் அது.

அது அருளப்பட்ட பின்னணியை நாம் சிறுவயது முதலே கேட்டு வந்திருக்கிறோம். மக்காவின் குறைஷித் தலைவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சத்திய அழைப்பை எடுத்துரைத்துக் கொண்டிருந்த வேளை. அவர்கள் இஸ்லாத்திற்கு வந்தால் நகரமே வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு. அந்நேரத்தில் பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அங்கே வந்து, மார்க்கத்தைக் கற்றுத் தரும்படி கேட்கிறார். பேச்சு இடைமுறிகிறது. நபியவர்களின் முகத்தில் ஒரு சுளிப்பு தோன்றுகிறது. அவர்கள் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள். இறைவன் உடனே வஹீ அருளித் தன் தூதரைத் திருத்துகிறான்.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. வந்தவர் பார்வையற்றவர். அந்தச் சுளிப்பை அவர் காணவில்லை. அதனால் அவர் மனம் புண்பட்டிருக்கவும் வழியில்லை. ஆயினும், காணப்படாத அந்த முகக்குறிப்பு மறுமை நாள் வரை ஓதப்படும் வேதத்தில் இடம்பெற்றுவிட்டது. எவரும் பார்க்காதபோதும் கணக்கில் வருவதுதான் முகம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? அதே இப்னு உம்மி மக்தூம் (ரலி) பின்னாளில் மதீனாவில் பாங்கு சொல்பவராக உயர்ந்தார். நபியவர்கள் வெளியூர் செல்லும்போது அவரைத் தம் பிரதிநிதியாக மதீனாவில் விட்டுச் சென்றதும் உண்டு.

ஆண்டுதோறும் அம்ம ஜுஸ்உவை மாணவர்களுக்கு மனனம் செய்விக்கிறோம். ‘அபஸ’வின் முதல் வசனத்தில் ‘ஐன்’ எழுத்து தொண்டையிலிருந்து சரியாக எழுகிறதா என்று பத்து முறை ஓதச் சொல்லித் திருத்துகிறோம். அந்த வசனம் நம் முகத்தைத் திருத்தியிருக்கிறதா என்று நம்மை நாமே கேட்டதில்லை. கேட்க நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே ஒளிக்காமல் சொல்வது நல்லது.

சில ஆண்டுகளுக்கு முன், மக்ரிபுக்குப் பிந்தைய மக்தப் வகுப்பு. பத்து வயது மாணவன் ஒருவன் முந்தைய நாள் பாடத்தை ஒப்பிக்க முடியாமல் நின்றான். கண்டித்தோம். அவன் சிரித்தான். குரலை உயர்த்தினோம். சிரிப்பு இன்னும் விரிந்தது. இது ஆணவம் என்று முடிவு செய்தோம். வகுப்பு முடியும்வரை அவனைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தோம். ‘உஸ்தாதை ஏளனம் செய்பவனுக்கு இல்மு ஏறாது’ என்று மற்ற பிள்ளைகள் கேட்கச் சொன்னோம். மறுநாள் முதல் அவன் வரவில்லை. நான்காம் நாள் அவனுடைய பாட்டியார் மதரஸா வாசலுக்கு வந்தார். வெளியே நின்றபடியே சொன்னார்: “அவன் பயந்தா சிரிப்பான் ஹஜ்ரத். அவன் வாப்பா கையை ஓங்கும்போதும் இப்படித்தான் சிரிச்சிட்டு நிப்பான். அதுக்காகவே இன்னும் ரெண்டு அடி சேர்த்து வாங்குவான்.”

நாம் பேச்சற்றுப் போனோம். அச்சத்தால் நடுங்கிய ஒரு பிள்ளையை ஆணவக்காரன் என்று நாற்பது பிள்ளைகளின் முன் நிறுத்தியிருந்தோம். ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்ற பழமொழியை முழு உண்மை என்று நம்பியதன் விளைவு அது.

அப்பழமொழி பாதி உண்மைதான். இதை இன்றைய உளவியல் ஆய்வுகளும் சொல்கின்றன. அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் 1960களின் இறுதியில் பப்புவா நியூ கினியின் மலைநாட்டில் வாழும் ஃபோரே மக்களிடம் சென்றார். வெளியுலகத் தொடர்பு மிகக் குறைந்த அம்மக்களிடம் ஒரு சிறுகதையைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் முகத்தைப் படங்களிலிருந்து தெரிந்தெடுக்கச் சொன்னார். மகிழ்ச்சி, துயரம், கோபம் போன்றவற்றின் முகங்களை அவர்கள் பெரிதும் சரியாகவே இனங்கண்டனர். அடிப்படை உணர்ச்சிகளின் முகக்குறிப்புகள் மனிதகுலம் முழுமைக்கும் பொதுவானவை என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. ஆனால் 2019ஆம் ஆண்டு லிசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து வேறொரு முடிவை முன்வைத்தனர். கோபமுற்றவர் எல்லா வேளையிலும் முகம் சுளிப்பதில்லை. முகம் சுளிப்பவர் எல்லோரும் கோபமுற்றவரும் அல்லர். கவனத்தைக் குவித்துக் கேட்பவரும் புருவத்தை நெரிப்பார். சூழலை விலக்கிவிட்டு முகத்தை மட்டும் வைத்து ஒருவரின் உள்ளத்தை உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே அவர்களின் முடிவு.

நம் ஹதீஸ் நூல்களை ஓதியவருக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் படையெடுப்பில் கலந்துகொள்ளாமல் பின்தங்கிய கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் நீண்ட வாக்குமூலம் புகாரியில் பதிவாகியுள்ளது. நபியவர்கள் மதீனா திரும்பியதும் அவர் சென்று ஸலாம் சொல்கிறார். நபியவர்கள் புன்னகைக்கிறார்கள். அது கோபமுற்றவரின் புன்னகை என்கிறார் கஅப் (ரலி). இதழில் புன்னகை, உள்ளத்தில் கோபம். நெடுங்காலம் உடன் பழகியவர் என்பதால் அவரால் அதைப் பிரித்தறிய முடிந்தது. புதியவர் ஒருவர் அதே புன்னகையைக் கண்டு, தாம் மன்னிக்கப்பட்டதாக எண்ணி வீடு திரும்பியிருக்கக்கூடும்.

அந்த ஹதீஸில் இன்னொரு பாடமும் உண்டு. படையெடுப்பில் கலந்துகொள்ளாத எண்பதுக்கும் மேற்பட்டோர் வந்து, ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சத்தியம் செய்தனர். நபியவர்கள் அவர்களின் வெளிப்படையான சொல்லை ஏற்று, உள்ளத்தின் இரகசியத்தை அல்லாஹ்விடம் ஒப்படைத்தார்கள். வஹீ அருளப்பெற்ற ஒரு தூதரே மனிதரின் அகத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவில்லை என்றால், ஒரு சிறுவனின் சிரிப்பைக் கண்டு அவனுடைய அகத்துக்குத் தீர்ப்பு எழுத நாம் யார்?

இங்கே நாம் சொல்ல விரும்பும் கருத்து இதுதான். முகம் தொடர்பாக நமக்கு இரண்டு கடமைகள் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று நேர் எதிர்த் திசையில் இயங்குபவை. நம் முகத்துக்கு நாம் முழுப் பொறுப்பாளிகள். அது பிறர்மீது ஏற்படுத்தும் விளைவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள். பிறர் முகத்துக்கோ நாம் நீதிபதிகள் அல்லர். அதைக் கண்டு உதவலாம், விசாரிக்கலாம், தீர்ப்புச் சொல்லலாகாது. நம் சமுதாயத்தில் நடப்பது பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். நம் கடுகடுப்பை ‘சுபாவம்’ என்று மன்னித்துக்கொள்கிறோம்; பிறர் கடுகடுப்பைக் ‘கர்வம்’ என்று எழுதிவைக்கிறோம்.

முதல் கடமையைப் பார்ப்போம். குழந்தை சொல்லை அறிவதற்கு முன்பே முகத்தை அறிகிறது. 1985இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த ஒரு மேடைமீது தவழவிட்டனர். பாதிக்கு மேல் கண்ணாடிக்குக் கீழே ஒரு பள்ளம் தெரியும். விழ வழியில்லை, ஆனால் குழந்தைக்கு அது தெரியாது. மறுமுனையில் தாய் நிற்கிறாள். அவள் ஒரு சொல்லும் பேசக்கூடாது. தாய் மகிழ்ந்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 குழந்தைகள் பள்ளத்தைக் கடந்து வந்தன. தாய் அஞ்சிய முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. உலகம் பாதுகாப்பானதா, அடியெடுத்து வைக்கலாமா என்ற கேள்விக்குக் குழந்தை விடை தேடும் இடம் தாயின் முகம்.

அந்த முகம் எதையும் காட்டாமல் போனால்? 1970களில் அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் டிரானிக் இதைச் சோதித்தார். குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருந்த தாய், சில நிமிடங்கள் அசைவற்ற முகத்தோடு குழந்தையைப் பார்க்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கைகளை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. எதற்கும் பதில் இல்லாதபோது முகத்தைத் திருப்பிக் கொள்கிறது, கலங்கி அழுகிறது. அடியும் இல்லை, திட்டும் இல்லை. பதில் தராத முகம் ஒன்றே போதுமானதாக இருந்தது. இன்று நம் இல்லங்களில் இஷாவுக்குப் பின் வாப்பாவின் முகமும் உம்மாவின் முகமும் கைப்பேசியின் ஒளியில் அசைவற்றுக் கிடக்கின்றன. மடியில் வந்து விழும் பிள்ளைக்கு ‘ம்’ என்ற ஒற்றை எழுத்து கிடைக்கிறது. எவரும் அப்பிள்ளையை அடிக்கவில்லை என்பது உண்மைதான்.

அடிபடும் பிள்ளைகளின் நிலை இதனினும் கொடியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சேத் போலக் குழுவினர் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தெளிவற்ற முகப்படம் ஒன்றைச் சிறுகச் சிறுகத் தெளிவாக்கிக் குழந்தைகளுக்குக் காட்டினர். வீட்டில் அடித்துத் துன்புறுத்தப்பட்ட குழந்தைகள், மற்றக் குழந்தைகளைவிட மிக முன்னதாகவே, குறைந்த தெளிவிலேயே, கோபத்தை இனங்கண்டனர். புயல் வரும் முன்பே காற்றை மோப்பம் பிடிக்கும் திறன் அது. அத்திறனை அவர்களுக்குக் கற்பித்தது அச்சம். இத்தகைய பிள்ளை மக்தபில் அமர்ந்திருக்கும்போது நாம் நெற்றியைச் சுருக்கினாலே போதும். அதன் மனம் பாடத்தை விட்டுவிட்டுத் தற்காப்பில் இறங்கிவிடும். ‘எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை’ என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் பிள்ளைகளில் எத்தனை பேர், நம் வாயைக் கவனிக்காமல் நம் புருவத்தைக் கவனித்துக் கொண்டிருந்தனரோ, அல்லாஹ்வே அறிவான்.

அப்படியானால் கண்டிப்பே கூடாதா என்று சிலர் கேட்கலாம். மீண்டும் கஅப் (ரலி) அவர்களிடம் செல்வோம். உண்மையை ஒப்புக்கொண்ட அவரோடும் மற்ற இருவரோடும் எவரும் பேசக்கூடாது என்று கட்டளை பிறந்தது. ஐம்பது நாள்கள். அந்நாள்களில் அவர் பள்ளிவாசலுக்கு வந்து ஸலாம் சொல்வார். பதிலுக்கு நபியவர்களின் இதழ்கள் அசைந்தனவா என்று உற்றுப் பார்ப்பார். அருகில் நின்று தொழுதபடி கடைக்கண்ணால் நோக்குவார். அவர் தொழுகையில் ஈடுபடும்போது நபியவர்கள் அவரைப் பார்ப்பார்கள். அவர் திரும்பும்போது முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள். தண்டனை நிலைத்திருந்தது, பார்வை விலகவில்லை. ஐம்பதாம் நாள் மன்னிப்பு அருளப்பட்டபோது, நபியவர்களின் முகம் மகிழ்ச்சியால் நிலவின் துண்டைப் போல ஒளிர்ந்ததாக அவரே நினைவுகூர்கிறார். கண்டிக்கும் ஆசிரியரின் முகத்தில் மாணவன் இதைத்தான் தேடுகிறான். நான் மீண்டால் இவர் மகிழ்வாரா என்பதே அவன் கேள்வி.

இரண்டாம் கடமைக்கு வருவோம். பிறர் முகத்தைக் காண வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காண வேண்டும், உதவுவதற்காகக் காண வேண்டும். அபூஹுரைரா (ரலி) பசியால் வாடி, மக்கள் செல்லும் பாதையில் அமர்ந்திருந்த நாளை எண்ணிப் பாருங்கள். கேட்க நாணம். அபூபக்ர் (ரலி) வந்தபோது ஒரு வசனத்தைப் பற்றி வினவினார். தம் நிலையை அறிந்து உணவுக்கு அழைப்பார் என்பது உள்நோக்கம். அவர் விடை சொல்லிச் சென்றுவிட்டார். உமர் (ரலி) அவர்களும் அவ்வாறே. பின்பு நபியவர்கள் வந்தார்கள். அவரைக் கண்டதும் புன்னகைத்தார்கள். அவர் முகத்தில் இருந்ததையும் மனத்தில் இருந்ததையும் அறிந்துகொண்டார்கள். உடன் அழைத்துச் சென்றார்கள். வீட்டில் இருந்த ஒரு பாத்திரம் பாலைத் திண்ணைத் தோழர்கள் அனைவருக்கும் முதலில் புகட்டி, பின்பு அவரைப் போதும் போதும் என்னும் அளவுக்குப் பருகச் செய்தார்கள்.

அபூபக்ரும் உமரும் (ரலி) அன்பற்றவர்களா? ஒருபோதும் இல்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு விடை சொன்னார்கள், அவ்வளவுதான். முகம் படிப்பதில் மாமனிதர்களும் தவறக்கூடும் என்பதற்கும், முகம் படிப்பதன் பயன் ஒரு பாத்திரம் பாலில் முடிய வேண்டும் என்பதற்கும் அந்த ஒரு ஹதீஸ் போதும்.

உதவிக்காகக் காண்பதற்கும் தீர்ப்புக்காகக் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் வீட்டு நிகழ்வுகளில் அன்றாடம் காணலாம். ஜனாஸா வீட்டில் கணவரை இழந்த பெண் அழாமல் அமர்ந்திருந்தால், ‘கல் நெஞ்சு’ என்று முணுமுணுப்பு எழுகிறது. சற்று உரக்க அழுதால், ‘ஸப்ரு இல்லை’ என்கிறார்கள். தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது நபியவர்கள் கண்ணீர் சிந்தினார்கள். துயரம் சிலரிடம் கண்ணீராகும், சிலரிடம் உறைந்துபோகும். ஆறுதல் சொல்லப் போன இடத்தில் முகத்துக்கு மதிப்பெண் போடும் வேலை நமக்கு எதற்கு?

நிகாஹ் பேச்சில் இது இன்னும் ஆபத்தாகிறது. கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும் என்ற ஹதீஸை எல்லோரும் அறிவர். ஆனால் ஃபிக்ஹ் அறிஞர்கள் அத்தோடு நின்றுவிடவில்லை. அவள் சிரித்தால் அது ஏளனச் சிரிப்பா, அழுதால் அது குரலெடுத்த அழுகையா என்றெல்லாம் பிரித்து ஆராய்ந்தார்கள். ஏளனச் சிரிப்பையும் அலறி அழுவதையும் சம்மதமாக ஏற்கவில்லை. நம் வீடுகளிலோ தலை குனிந்தால் வெட்கம், கண் கலங்கினால் பிரிவாற்றாமை, பேசாவிட்டால் சம்மதம். மறுப்பைக் காட்டும் முகக்குறிப்பு என்று ஒன்றை நாம் அப்பெண்ணுக்கு விட்டுவைக்கவே இல்லை. தம் விருப்பமின்றித் தந்தை மணமுடித்துவைத்தார் என்று கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது, நபியவர்கள் அத்திருமணத்தை ரத்துச் செய்தார்கள். ஆகவே வகீலும் சாட்சிகளும் வாசலில் வந்து நிற்கும் நாளுக்கு நெடுநாள் முன்பே, உம்மாவோ ராத்தாவோ அப்பெண்ணைத் தனியே அமர்த்தி, வாய்விட்டுக் கேட்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொன்னால் வீட்டில் புயல் வீசாது என்ற உறுதியையும் தர வேண்டும். அந்த உறுதி அவளுக்கு நம் சொல்லில் கிடைக்காது. கேட்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்பதில்தான் கிடைக்கும்.

புன்னகை பற்றிய ஹதீஸையும் நாம் சில வேளை தவறாகப் பயன்படுத்துகிறோம். சகோதரரின் முகம் பார்த்துப் புன்னகைப்பது ஸதகா என்று நபியவர்கள் சொன்னார்கள். திர்மிதியில் அது பதிவாகியுள்ளது. மனச்சோர்வில் இருக்கும் மருமகளிடம், தேர்வில் தோற்ற மகனிடம், ‘முகத்தைச் சிரிச்ச மாதிரி வெச்சுக்க, அது ஸுன்னத்து’ என்று அதை எடுத்து நீட்டுகிறோம். ஸதகா நாம் கொடுப்பது. பிறரிடம் வசூலிப்பது அன்று. அந்த ஹதீஸ் நம் முகத்துக்கு வந்த கட்டளை. அவர்கள் முகத்துக்கு வந்த அபராதச் சீட்டு அன்று.

முகத்தைப் படம் பிடித்து உணர்ச்சியை ஊகிக்கும் கணினி நிரல்கள் இன்று விற்பனைக்கு வந்துவிட்டன. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய தேவைகள் தவிர, கல்விக்கூடங்களிலும் பணியிடங்களிலும் அவற்றைப் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்துள்ளது. ஒரு மாணவனின் முகத்தைக் கொண்டு அவன் மனத்தை முடிவுசெய்யும் உரிமை எந்திரத்துக்கு இல்லை என்று சட்டம் சொல்கிறது. அந்த உரிமையை நாம் மட்டும் எந்தத் தயக்கமும் இன்றி நாள்தோறும் எடுத்துக்கொள்கிறோம்.

அந்தச் சிறுவனின் வீட்டுக்கு அன்றிரவே சென்றோம். அவன் கதவின் பின்னால் நின்றான். மன்னிப்புக் கேட்டோம். அவன் சிரித்தான். அது அச்சமா, மகிழ்ச்சியா, நாணமா என்று அப்போதும் நமக்குத் தெரியவில்லை. இம்முறை முடிவு செய்யாமல் கேட்டோம்: “பயமா இருக்கா வாப்பா?” சற்று நேரம் கழித்து, “கொஞ்சம்” என்றான். அவன் தந்தையிடமும் பேசினோம். அவர் உடனே மாறிவிட்டார் என்று சொல்வதற்கில்லை. பிள்ளை மறுவாரம் மக்தபுக்குத் திரும்பினான். அன்று முதல் வகுப்பில் நாம் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடிக்க முயல்கிறோம். ஒரு பிள்ளையின் முகம் நம்மைச் சினமூட்டும்போது, தண்டிக்கும் முன் ஒரு கேள்வி கேட்கிறோம். சில நாள்களில் மறந்தும் போகிறோம். மறந்த நாள்களில் ‘அபஸ’வை ஓதும் நம் குரலே நமக்கு எதிராக ஒலிக்கிறது.

வாசக சகோதர சகோதரிகளே! இன்றிரவு வீட்டுக்குள் நுழையும்போது ஸலாம் சொல்வோம். அந்த ஸலாத்தோடு நம் முகமும் உள்ளே நுழையட்டும். வாசலுக்கு ஓடி வரும் பிள்ளை முதலில் காண்பது அதைத்தான்.

யா அல்லாஹ்! எங்கள் முகங்களை எங்கள் குடும்பத்தாருக்கு அச்சமாக ஆக்கிவிடாதே. பிறர் முகத்தில் தேவையைக் காணும் கண்ணையும், குற்றம் தேடாத உள்ளத்தையும் எங்களுக்குத் தருவாயாக. முகங்கள் ஒளிரும் அந்நாளில் எங்கள் முகங்களையும் ஒளிரச் செய்வாயாக. ஆமீன்.